சின்ன ஊரில் வார இறுதி ஸ்கெட்ச் சந்திப்பு நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சின்ன ஊரில் சனி மாலையும் ஞாயிறு காலையும் தெருவில் உட்கார்ந்து வரையலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறையாக இப்படி ஒரு சந்திப்புக்கு வருபவர்கள் நேராக 4, 6 ஆகிய பகுதிகளுக்குப் போகலாம்.

இதுமாதிரிச் சந்திப்புகளில் புதியவர்களின் படம் பாதியில் நின்றுபோவதற்குக் கைத்திறன் காரணமாக இருப்பது குறைவு. வெயில் ஏறும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தெரு முழுவதையும் ஒரே பக்கத்தில் அடக்கப் பார்ப்பார்கள். நிழலைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். எல்லாமே வரிசை தவறுவதால் வருபவை. அதனால் எதை முதலில் செய்வது, ஏன் என்பதையே இங்கே அதிகம் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் முன்பே ஊரைச் சுற்றி வாருங்கள்

சந்திப்பு நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போக வேண்டும். புதன்கிழமை மதியம் கலகலப்பாக இருந்த கடைத்தெரு, ஞாயிறு காலை வெறும் ஷட்டர் வரிசையாக இருக்கும். காலியாகக் கிடந்த மைதானத்தில் சந்தை கூடியிருக்கும். பெரிய நகரத்தில் ஒரு இடம் சரியில்லை என்றால் பக்கத்திலேயே நாலு இடம் கிடைக்கும். சின்ன ஊரில் அது கிடையாது.

போகும்போது காட்சியைத் தேடாதீர்கள், உட்காரும் இடத்தைத் தேடுங்கள். எவ்வளவு அழகான மணிக்கூண்டாக இருந்தாலும், அதைப் பார்க்கிற மாதிரி இரண்டு மணி நேரம் நிழலில் உட்கார இடமில்லை என்றால் அது நமக்குப் பயன்படாது. நல்ல உட்காரும் இடம் கிடைத்துவிட்டால் எதிரே இருப்பது ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையாக இருந்தாலும் படம் கிடைக்கும்.

நிழலைக் கணக்கிடுவது சுலபம். வடக்கு தெற்காக ஓடும் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கு வரிசைக் கட்டிடங்களின் நிழல் தெருவின் மேல் விழும். அந்த வரிசையின் அடியில் உட்கார்ந்தால் உங்கள் தாள் நிழலில் இருக்கும், எதிரே மேற்கு வரிசை முழு வெளிச்சத்தில் நிற்கும். மாலையில் இது அப்படியே திரும்பிவிடும்: மேற்கு வரிசையில் உட்கார்ந்து கிழக்கு வரிசையை வரையலாம். இரண்டு நாள் சந்திப்புக்கு இப்படி ஒரே ஒரு நல்ல தெரு கிடைத்தாலே போதும்.

சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி நகர்கிறது. வந்தவுடன் இருக்கும் நிழலை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்யாமல், ஒன்றரை மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து பாருங்கள். குட்டைச் சுவரின் நிழல் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

இதோடு இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கழிப்பறை எங்கே, மழை வந்தால் ஒதுங்கக் கூரை எங்கே, பத்துப் பேர் உட்கார்ந்தால் யாருடைய வாசல் மறையும். கழிப்பறை இல்லாத இடத்தை யோசிக்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஐந்து நிமிட நடையில் மூன்று இடங்கள் என்று வைத்துக்கொண்டால் கூட்டம் சிதறாது.

2. அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்

பொதுத்தெருவில் ஒருவர் உட்கார்ந்து வரைவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்துப் பேர் நோட்டும் கையுமாக ஒரு கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கதை வேறு. ரயில் நிலையம், அரசு அலுவலகம், பள்ளி, வழிபாட்டு இடம், தனியார் வளாகம் எல்லாவற்றிலும் பொறுப்பில் இருப்பவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். காவல் நிலையம், ராணுவ வளாகம் போன்றவற்றைப் படத்தின் பின்னணியில்கூட வைக்காமல் இருப்பது நல்லது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. வாரநாளில் 'சரி, வரையுங்க' என்று சொன்னவர் ஞாயிறு காலை பணியில் இருக்கமாட்டார். வாசலில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் அனுமதி கொடுத்தவரின் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு, 'ஞாயிறு காலை யார் இருப்பாங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?' என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்தக் கடை வாசலில் உட்காரப் போகிறோமோ அந்தக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடை திறக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்கு முன் எழுந்துவிடுவதாகச் சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

3. அழைப்பு: எல்லாமே ஒரே செய்தியில்

நேரம் ஒரு செய்தியில், இடம் இன்னொன்றில், மழை வந்தால் என்ன என்பது யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக என்று போனால், சந்திப்பு நாளில் உங்கள் போன் ஓயாது. கீழே உள்ளவை எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும்:

- கூடும் இடம். 'ரயில் நிலையம் அருகே' போதாது, 'ரயில் நிலையத்தின் கிழக்கு வாசல் படிக்கட்டு' என்று எழுதுங்கள். மேப் இணைப்பும் சேருங்கள்.
- தொடங்கும் நேரம், முடியும் நேரம். முடியும் நேரம் தெரியாததால் வராமல் போகிறவர்கள் உண்டு.
- கொண்டுவர வேண்டியவை.
- மழை வந்தால் எங்கே, எத்தனை மணிக்கு முடிவு தெரியும்.
- அன்று தொடர்புகொள்ள ஒரே ஒரு எண்.
- சிறுவர்கள் வந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்ற வரி.

பதினைந்து பேருக்கு மேல் வருவார்கள் என்று தெரிந்தால் இன்னொரு ஒருங்கிணைப்பாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் வரையும்போது மற்றவர் சுற்றி வரலாம். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்த்தால் அவர் நோட்டில் எதுவும் இருக்காது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

புதியவர்கள் அதிகமாகத்தான் கொண்டுவருகிறார்கள், குறைவாக இல்லை. நாற்பத்தெட்டு கலர் பெட்டியைத் திறந்து மடியில் வைக்க முடியாமல் கீழே வைத்து, அதை யாராவது மிதித்து, துடைத்துக்கொண்டிருக்கையில் வெளிச்சம் போய்விடும். எழுந்து பத்தடி தள்ளி உட்கார வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிக்கொள்ள முடிய வேண்டும். எதை எடுத்துவைப்பது என்பதற்கு இதுதான் என் அளவுகோல்.

தாள்: ஏ5 அளவு நோட்டு போதும். அதைவிடப் பெரியது என்றால் ஒன்றரை மணி நேரத்தில் நிரப்ப முடியாது, காற்றும் படபடக்க வைக்கும். பேனா, பென்சில் மட்டும் என்றால் எந்தத் தாளும் சரி. வாட்டர்கலர் பூசுவீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வேண்டும். 200 ஜிஎஸ்எம் தாள் லேசான பூச்சைத் தாங்கும், ஆனால் தண்ணீர் கூடினால் நெளிந்து, கலர் பள்ளங்களில் போய்த் தேங்கும்.

பேனா: தண்ணீரில் கரையாத பிக்மென்ட் இங்க் உள்ளது, 0.3 அல்லது 0.5 முனை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் விட்டு, ஈர பிரஷ்ஷால் அதன் மேல் இழுங்கள். கோட்டிலிருந்து நிறம் வழிந்தால் அந்தப் பேனாவைக் கலருக்கு மேல் மட்டும்தான் பயன்படுத்த முடியும். சாதாரண பவுன்டன் பேனா இங்க்குகளில் பெரும்பாலானவை கரையும். இதைச் சோதிக்காமல் வந்து, ஒரு மணி நேரம் வரைந்த ஜன்னல்கள் எல்லாம் நீலச் சேறாகப் போவதை ஏறக்குறைய ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்கலாம்.

கலர்: ஆறு போதும். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம், கொஞ்சம் குளிர்ந்த இன்னொரு நீலம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் வரும். சுவர் நிழல், சாலை, மழை மேகம் எல்லாவற்றுக்கும் அதுவே ஆகும். கறுப்புக் கலரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், நிழலை அது செத்துப்போக வைக்கும்.

மற்றவை: ஒரு பிரஷ் அல்லது வாட்டர் பிரஷ் (கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பும் பிரஷ்), மூடியுள்ள சின்ன டப்பா, பழைய துணி, பக்கத்தைப் பிடிக்க இரண்டு கிளிப், மடக்கு ஸ்டூல், தொப்பி, குடிதண்ணீர், குப்பை போட ஒரு கவர். குடிதண்ணீர் பாட்டிலும் பிரஷ் கழுவும் டப்பாவும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

புதிதாக வாங்கிய எதையும் சந்திப்பன்று முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். கருவியைப் பழகுவது ஒரு வேலை, இடத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை.

5. நேர அட்டவணை

சனிக்கிழமை, சூரியன் மறைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு கூடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் அறிமுகம், இடங்களைச் சுட்டிக்காட்டுவது. பிறகு ஒன்றரை மணி நேரம் வரைதல். கடைசி அரைமணி, வெளிச்சம் இருக்கும்போதே நோட்டுகளைப் பரப்பிப் பார்ப்பது. ஞாயிறு காலை, சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். நண்பகலைத் தவிர்ப்பது வெயிலுக்காக மட்டும் இல்லை. சூரியன் உச்சிக்குப் போனால் நிழல்கள் குறுகி, கட்டிடங்கள் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குத் தெரியும்.

அறிமுகத்தை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். ஆளாளுக்குத் தங்கள் கலைப்பயணத்தைச் சொல்லத் தொடங்கினால் நிழல் நமக்காக நிற்காது. பெயர், இன்று என்ன வைத்து வரையப் போகிறார் என்பது மட்டும் போதும். தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று குழுவில் ஒரு படம் போட்டால் அவர்களே வந்துவிடுவார்கள்.

6. வரையும் வரிசை

அ. பத்து நிமிடம் பேனாவைத் திறக்காதீர்கள். நடங்கள். எந்த ஒரு பொருளால் அந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: சாய்ந்த விளம்பரப் பலகையா, மாடிப்படியா, கதவா? அதுதான் படம். மற்றதெல்லாம் அதற்குத் துணை. 'முழுத் தெருவும்' என்பது பதில் ஆகாது.

ஆ. தீப்பெட்டி அளவில் இரண்டு மாதிரி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம். கோடு வேண்டாம், இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் தேய்த்துக் காட்டுங்கள். தீப்பெட்டி அளவில் நன்றாகத் தெரியாத அமைப்பு ஏ5-இலும் தெரியாது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் படி இதுதான். கட்டிடத்தின் உச்சி தாளுக்கு வெளியே போய்விட்டது என்று பிறகு வருந்துவதும் அவர்கள்தான்.

இ. கண்மட்டக் கோடு. பென்சிலைக் கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். அது எதிர்க் கட்டிடத்தை எங்கே வெட்டுகிறதோ அதுதான் உங்கள் கண்மட்டம். முதலில் அதைத் தாளில் லேசாகப் போடுங்கள். உங்களிடமிருந்து விலகிப் போகும் கிடைமட்டக் கோடுகளில், அதற்கு மேலே இருப்பவை கீழிறங்கி அதை நோக்கி வரும், கீழே இருப்பவை மேலேறி வரும். இந்த ஒரு கோடு இருந்தால் கூரை விளிம்பும் நடைபாதையும் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஆட்களை வரைவதற்கும் இதே கோடுதான். நீங்கள் நின்று வரைந்தால், சமதரையில் நிற்கும் பெரியவர்களின் தலைகள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே இருக்கும். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அப்போது அந்தக் கோடு எல்லோருடைய இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே போகும். உட்கார்ந்துகொண்டு, நின்று பார்ப்பதுபோல் தலைகளைக் கோட்டில் வைப்பதால்தான் பல படங்களில் மனிதர்கள் பள்ளத்தில் இறங்கி நிற்பதுபோல் தெரிகிறார்கள்.

ஈ. நிழலின் ஓரத்தை இப்போதே குறியுங்கள். வரைதல் முடியும்போது சூரியன் இருபது டிகிரிக்கு மேல் நகர்ந்திருக்கும், நிழலும் இடம் மாறியிருக்கும். மாலையில் உங்கள் பக்கத்துக் கட்டிடங்களின் நிழல் எதிர்ச்சுவரில் மெதுவாக ஏறத் தொடங்கும். முதலில் அது கடையின் படியில் இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கதவின் தாழ்ப்பாளைத் தொட்டு, அப்புறம் பெயர்ப் பலகையை விழுங்கிவிடும். நிழலைத் துரத்திக்கொண்டே திருத்தினால், ஒரே படத்தில் ஒரு சன்னலுக்கு நாலு மணி நிழலும் பக்கத்துச் சன்னலுக்கு ஐந்து மணி நிழலும் விழும். முதல் கால்மணிக்குள் ஓரத்தைப் போட்டுவிட்டு, பிறகு சூரியன் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

உ. போய்விடக்கூடியவை முதலில். நிறுத்தியிருக்கும் வண்டி, தூங்கும் நாய், பேசிக்கொண்டிருக்கும் இருவர். கட்டிடம் எங்கும் போகாது. வண்டியை எடுத்துவிட்டார்கள் என்றால் பாதி வண்டியோடு விட்டுவிடலாம், அல்லது அடுத்து வந்து நிற்கும் வண்டியை வைத்து முடிக்கலாம். இரண்டுமே நியாயம்தான்.

ஊ. பெரிய வடிவங்கள், பிறகு கோடு. அளவெடுக்கக் கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் கதவின் உயரத்தைப் பிடியுங்கள். கட்டிடம் அதில் எத்தனை மடங்கு என்று எண்ணுங்கள். கை மடங்கினால் அளவு மாறும், ஒவ்வொரு முறையும் முழங்கை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விகிதம் சரியான பிறகுதான் பேனா.

எ. கலர், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு. வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சமான பகுதிகளைத் தொடாமல் விட்டுவிடுங்கள். காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால் ஈரத்தில் சற்றுத் தூக்கலாகத் தெரியும்படி பூசலாம். முதல் பூச்சு காயாமல் பக்கத்தில் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் ஓடிச் சேரும். மழைக்காலத்தில் காய்வதற்கு நேரம் பிடிக்கும், அன்று பூச்சுகளைக் குறைத்து, பேனாவை அதிகம் நம்புங்கள்.

நேரடி வெயிலில் தாளை வைத்துக்கொண்டு கலர் பூசாதீர்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், எவ்வளவு பூசினாலும் வெளிறித் தெரியும், மேலும் மேலும் ஏற்றுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

ஏ. நுணுக்கம் ஒரே இடத்தில். (அ)-வில் தேர்ந்தெடுத்த பொருளுக்கு மட்டும் செங்கல், ஆணி, எழுத்து எல்லாம். மற்ற சன்னல்கள் வெறும் கட்டங்களாக இருக்கட்டும். கடைசியில் இடம், தேதி, நேரம் எழுதுங்கள்.

வீட்டில் போய்ப் புகைப்படத்தைப் பார்த்து முடிக்கலாமா என்று கேட்பார்கள். அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்பது ஊர்க் காட்சிகளை நேரில் வரைபவர்களின் உலகளாவிய அமைப்பு. அதன் கொள்கை அறிக்கையில் முதல் வரியே, இருக்கும் இடத்திலேயே நேரில் பார்த்து வரைகிறோம் என்பதுதான். நான் அதில் கொஞ்சம் கறார். வானத்துக்கு ஒரு பூச்சு வீட்டில் கொடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால் கோடுகளை அங்கேயே முடியுங்கள். புகைப்படத்தைப் பார்த்துப் போட்ட கோடு தனியாகத் தெரியும்.

7. வேடிக்கை பார்ப்பவர்கள்

சின்ன ஊரில் அரைமணிக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தால் பாதிக் கூச்சம் போய்விடும், தோளுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. 'என்ன வரையுறீங்க?' என்று கேட்டால் நோட்டைக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

புதியவர்களை இரண்டு பேராக உட்கார வையுங்கள், தனியாக அனுப்ப வேண்டாம். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் வரையலாம். ஒரு ஆளின் முகம் அடையாளம் தெரியுமளவுக்கு வரைகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு வரையுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

8. நோட்டுகளைப் பரப்பிப் பார்ப்பது

எல்லா நோட்டுகளையும் நிழலான தரையில் வரிசையாகத் திறந்துவையுங்கள். கூச்சப்படுபவர்களுக்கு இது கடினமான நேரம். அதனால் விதி ஒன்றுதான்: கேட்காமல் யாரும் யாருடைய படத்தையும் திருத்தக் கூடாது. எங்கே உட்கார்ந்தார், எதை விட்டார் என்று அவரவர் ஒரு வரி சொன்னால் போதும். ஒரே கதவை நாலு பேர் நாலு விதமாக வரைந்திருப்பதைப் பார்த்தாலே, விளக்கிச் சொல்லாமல் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஈரம் காயாத நோட்டுகளைக் கடைசியில் வையுங்கள். மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். படம் எடுப்பவர் நேர் மேலிருந்து, தன் நிழல் விழாமல் எடுக்கட்டும். இணையத்தில் போடுவதற்கு முன் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். சிறுவர்கள் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

9. ஞாயிறு காலைக்கு ஒரு மாற்றம்

சனிக்கிழமை எல்லோரும் பெரியதாக ஒன்றை முயன்றிருப்பார்கள். ஞாயிறு முதல் அரைமணியில் ஐந்தைந்து நிமிட ஸ்கெட்ச்களாக நான்கு வரையச் சொல்லுங்கள், கலர் இல்லாமல். முந்தைய நாள் திணறியவர்களுக்கு இது கையைத் தளர்த்தும். பிறகு அதே தெருவின் எதிர் வரிசை. சனிக்கிழமை யாருடைய படம் முடியாமல் நின்றதோ, அவரை அதே படத்தைத் தொடர விடாதீர்கள். வெளிச்சம் எதிர்த்திசையில் இருக்கும், நிழல் எதுவும் பொருந்தாது. புதுப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

10. கிளம்புவதற்கு முன்

கலர் தண்ணீரை யாருடைய வாசலிலும் ஊற்றாமல் டப்பாவை மூடிக் கொண்டுபோங்கள். டிஷ்யூ, பென்சில் சீவல் எல்லாம் கவருக்குள். அனுமதி கொடுத்தவரிடமும் கடைக்காரரிடமும் படங்களைக் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை கேட்கப் போகும்போது அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிந்திருக்கும்.

ஒருங்கிணைப்பாளர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது: எந்த இடத்தில் எத்தனை மணி வரை நிழல் இருந்தது, எங்கே கூட்டம் இடித்தது, கழிப்பறை திறந்திருந்ததா, யாரிடம் அனுமதி கேட்டோம். நிழல் நேரத்தோடு மாதத்தையும் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அதே மணிக்கு அதே இடத்தில் அந்த நிழல் இருக்காது. அடுத்த சந்திப்பின் தேதியை எல்லோரும் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். குழுவில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.